தோற்றபின் கற்ற சண்டை

தொழில்முறைக் குத்துச்சண்டையில் பொதுவாக 200 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 90.7 கிலோவுக்கு மேற்பட்ட எடையுடையவர்கள் மோதும் பிரிவே ஹெவிவெயிட் எனப்படுகிறது. மற்றப் பிரிவுகளுக்கெல்லாம் மேல்வரம்பு உண்டு, இதற்கு மட்டும் கிடையாது என்பதால், 95 கிலோ எடையுள்ள ஒருவர் 115 கிலோ எடையுள்ள ஒருவரை எதிர்கொள்வது இங்கே விதிப்படி முறையான போட்டியே; அந்த எடை முழுவதும் பாதத்திலிருந்து கிளம்பி இடுப்பின் திருப்பத்தோடு கையுறைக்கு வந்து சேரும்போது, ஒன்பது சுற்றுகள் முன்னிலையில் இருந்தவரும் பத்தாவது சுற்றில் ஒரே குத்தில் சாய்ந்துவிடக்கூடும். இப்பிரிவில் தோல்வி பல வேளைகளில் புள்ளிக்கணக்கில் மெல்ல நழுவிப்போவதாக இராமல், ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க உடல் தரையில் விழுவதாக அமைந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

அப்படி விழுந்தவருக்கு, அடுத்த வாரமே இன்னொரு ஆட்டம் ஆடிக் கணக்கை நேர்செய்யும் வாய்ப்புக் கிடையாது. முன்னணி ஹெவிவெயிட் வீரர் ஆண்டுக்குச் சில முறைதான் மேடையேறுகிறார். நாக் அவுட்டில் தோற்றவர்களுக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை மருத்துவக் காரணத்துக்காகத் தடை விதிக்கப்படுவதும் உண்டு. அந்த இடைவெளியில் தரவரிசையில் அவர் பெயர் இறங்குகிறது, தொலைக்காட்சி நிறுவனங்கள் அடுத்த போட்டிக்குப் பேசும் தொகை குறைகிறது, அவர் விழுந்த காட்சி மட்டும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகிறது. எனவே ஒரு ஹெவிவெயிட் வீரர் தம் வாழ்க்கைத்தொழிலை மீட்டெடுப்பது என்பது உடலைத் தேற்றிக்கொள்ளும் வேலையோடு முடிவதில்லை. எதனால் தோற்றோம் என்ற கேள்விக்கு ஒளிவுமறைவில்லாத விடையைக் கண்டுபிடித்து, அந்த விடைக்கு ஏற்பச் சண்டையிடும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை மிகத் தெளிவாகக் காட்டும் வாழ்க்கை, உக்ரைனைச் சேர்ந்த விளாடிமிர் கிளிட்ச்கோவினுடையது.

1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் சூப்பர் ஹெவிவெயிட் பிரிவில் தங்கம் வென்ற விளாடிமிர், ஏறத்தாழ 198 சென்டிமீட்டர் உயரமும், விரித்த கைகளின் நுனிக்கு நுனி 206 சென்டிமீட்டர் கைவீச்சும் கொண்டவர். அண்ணன் விட்டாலியும் அவரும் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைத் தளமாகக் கொண்டு, ஃபிரிட்ஸ் ஸ்டுனெக் என்னும் பயிற்சியாளரிடம் தொழில்முறைப் போட்டிகளுக்குத் தயாரானார்கள். விளையாட்டு அறிவியலில் முனைவர் பட்டமும் பெற்ற இளையவர்மீது ஐரோப்பியக் குத்துச்சண்டை உலகம் வைத்திருந்த நம்பிக்கை மிகப் பெரியது. ஆனால் 1998க்கும் 2004க்கும் இடையில் அவர் மூன்று முறை தோற்றார். மூன்றுமே நடுவரோ பயிற்சியாளரோ குறுக்கிட்டுப் போட்டியை நிறுத்திய தோல்விகள்.

முதலாவது, 1998 டிசம்பரில் சொந்த மண்ணான கீவ் நகரில் நேர்ந்தது. எதிரே நின்ற அமெரிக்கர் ராஸ் பியூரிட்டி, அதற்கு முன்பே 13 தோல்விகளைச் சந்தித்திருந்தவர். விளாடிமிரோ 24 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காதவர். தொடக்கச் சுற்றுகளில் குத்துமேல் குத்தாக இறக்கி எதிராளியை வீழ்த்தப் பார்த்த அவர், பியூரிட்டி விழாமலே நின்றுகொண்டிருந்ததால் மூச்சு வாங்கத் தொடங்கினார். பதினோராவது சுற்றில் தற்காத்துக்கொள்ளவும் வலுவில்லாமல் நின்றபோது, ஸ்டுனெக்கே மேடையேறித் தம் வீரரைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. இரண்டாவது தோல்வி 2003 மார்ச் மாதம் ஹானோவர் நகரில் நிகழ்ந்தது. இப்போது அவர் டபிள்யூ.பி.ஓ. என்னும் உலகக் குத்துச்சண்டை அமைப்பின் சாம்பியன். எதிராளி தென்னாப்பிரிக்காவின் கோரி சாண்டர்ஸ், இடக்கை வீரர். வலக்கை வீரருக்குப் பழகிய கோணங்கள் இடக்கை வீரரிடம் தலைகீழாகிவிடுவதால், எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்த நேர் இடக்கைக் குத்துகள் விளாடிமிரை நான்கு முறை தரையில் தள்ளின. இரண்டாவது சுற்றின் தொடக்கத்திலேயே போட்டி முடிந்துபோயிற்று.

மூன்றாவது தோல்விதான் பலருடைய கண்ணில் இறுதித் தீர்ப்பாகப் பட்டது. 2004 ஏப்ரல் 10 அன்று லாஸ் வேகாசில் லமான் புரூஸ்டருடன் மோதிய விளாடிமிர், நான்காவது சுற்றில் எதிராளியைத் தரையில் வீழ்த்தியும், ஐந்தாவது சுற்றின் முடிவில் தாமே கால் தள்ளாடிச் சரிந்தார். அடித்துக்கொண்டிருந்தவரே அடித்த களைப்பில் விழுவது அரிதான காட்சி. அவருக்கு ஏதேனும் கொடுக்கப்பட்டிருக்குமோ என்ற ஐயத்தை அவர் தரப்பு எழுப்பியது, எதுவும் நிரூபணமாகவில்லை. இரண்டே வாரம் கழித்து அண்ணன் விட்டாலி, தம்பியை வீழ்த்திய அதே சாண்டர்ஸை எட்டாவது சுற்றில் தோற்கடித்து டபிள்யூ.பி.சி. என்னும் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சிலின் பட்டத்தைக் கைப்பற்றினார். குடும்பத்தில் ஒருவர் உச்சியில் நிற்க, 28 வயதில் மற்றவர் ஓய்வுபெறுவதே நல்லது என்ற பேச்சு பத்திரிகைகளில் மட்டுமல்லாமல் நெருங்கியவர்களிடமும் எழுந்தது. ‘கண்ணாடித் தாடை’ என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. முகவாயில் ஒரு குத்து சரியாக விழுந்தால் தாங்கமாட்டாதவர் என்பது அதன் பொருள்.

இங்கே ஒரு பகுத்தறிதல் தேவைப்படுகிறது. மூன்று தோல்விகளையும் ‘தாடை பலவீனம்’ என்ற ஒரே பெட்டியில் அடைத்தவர்கள் பாதியைத்தான் பார்த்தார்கள். சாண்டர்ஸிடம் தோற்றது குத்தின் வேகத்துக்கும் கோணத்துக்கும். பியூரிட்டியிடமும் புரூஸ்டரிடமும் தோற்றதோ பெரும்பாலும் தம் மூச்சுக்கே. பெரிய உடலின் தசைகள் பிராணவாயுவை மிகுதியாகக் கேட்கும். பதற்றத்தில் தோள்கள் இறுகியிருக்கும்போது அந்தத் தேவை மேலும் கூடும். எதிராளி விழவில்லையே என்ற பயம் வேகமாக அடிக்கத் தூண்ட, வேகமாக அடிப்பது மூச்சைத் தின்ன, மூச்சு குறைந்ததும் கைகள் தாழ, தாழ்ந்த கைகளுக்கு மேலாகக் குத்து வந்து விழுகிறது. ஆகவே தாடையை வலுவாக்கும் வழி எதுவும் இல்லாவிட்டாலும், தாடைக்குக் குத்து வந்துசேரும் வழிகளை ஒவ்வொன்றாக அடைக்க முடியும் என்பதே சரியான கண்டுபிடிப்பு. அதைக் கண்டவர் இமானுவல் ஸ்டூவர்ட்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கிராங்க் என்னும் புகழ்பெற்ற குத்துச்சண்டைக் கூடத்தை நடத்திய ஸ்டூவர்ட், புரூஸ்டர் போட்டிக்கு முன்பே விளாடிமிருக்குப் பொறுப்பேற்றிருந்தார்; அந்தத் தோல்வி அவருடைய கண்காணிப்பிலேயே நேர்ந்தது. ஆனால் தோற்ற ஹெவிவெயிட்டைத் தூக்கி நிறுத்துவது அவருக்குப் புதிதன்று. 1994 செப்டம்பரில் லண்டன் வெம்ப்ளியில், பிரிட்டனின் லெனாக்ஸ் லூயிஸை ஆலிவர் மெக்கால் இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்தியபோது, மெக்காலின் மூலையில் நின்ற பயிற்சியாளர் இதே ஸ்டூவர்ட்தான். லூயிஸ் வலக்கையை வீசும் தருணத்தில் அவருடைய முகம் காப்பின்றித் திறந்துகொள்வதைக் கவனித்து, அதே நொடியில் குறுகிய பாதையில் எதிர்க்குத்து விடும்படி மெக்காலைப் பழக்கியிருந்தார். தோற்ற லூயிஸ் செய்த செயல்தான் கவனிக்கத்தக்கது: தம்மை வீழ்த்தத் திட்டம் தீட்டியவரையே தமக்குப் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டார். தன் குறையை உலகிலேயே நன்றாக அறிந்தவரிடம் போய் நிற்பதற்குப் பெரிய மனம் வேண்டும். 1997இல் மெக்காலைத் தோற்கடித்து அன்று இழந்த பட்டத்தை லூயிஸ் மீட்டதும், அதன்பின் தம் காலத்தின் தலைசிறந்த ஹெவிவெயிட்டாக உயர்ந்ததும் அந்த மனத்தின் பலன்.

விளாடிமிருக்காக ஸ்டூவர்ட் அமைத்துத் தந்த சண்டை முறையின் அச்சாணி, ஜாப் எனப்படும் நேர்க்குத்து. வலக்கை வீரர் தம் முன்னிருக்கும் இடக்கையை நேராக நீட்டி விட்டு உடனே இழுத்துக்கொள்ளும் குத்து அது; வீழ்த்துவது அதன் முதன்மை வேலை இல்லை, தூரத்தை அளப்பதும் எதிராளியை அண்டவிடாமல் நிறுத்துவதுமே வேலை. 206 சென்டிமீட்டர் கைவீச்சு உள்ளவர் இதை ஒழுங்காகப் பயன்படுத்தினால், குட்டையான எதிராளி அவரைத் தொடுவதற்குக் கூடுதலாக உள்ளே வந்தாக வேண்டும். முன்பு விளாடிமிர் ஜாபை வலக்கைக் குத்துக்கு முன்னுரைபோல் அவசரமாக விட்டுக்கொண்டிருந்தார். இப்போது ஜாப், மறுபடி ஜாப், ஒரு காலடி பின்வாங்கல், மீண்டும் ஜாப் என்று அதிலேயே சுற்றுகளைக் கடத்தவும், எதிராளி தலையசைவில் ஒரே ஒழுங்குக்குப் பழகிவிட்ட பிறகே வலக்கையை அனுப்பவும் கற்றுக்கொண்டார். முன்கையை நீட்டி எதிராளியின் கையுறைமேல் வைத்தாற்போல் நிறுத்தி, அவர் குத்தத் தொடங்குவதை முன்கூட்டியே உணர்வதும் இதில் ஒரு நுட்பமாயிற்று.

அடுத்தது கிளிஞ்ச், அதாவது எதிராளியைக் கட்டிப் பிடித்துக்கொள்வது. ஜாபைத் தாண்டி ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டால், அங்கே நின்று குத்துப் பரிமாறுவதை விட்டுவிட்டு, உடனே அவர் கைகளை இறுக்கிக்கொண்டு, தம் 110 கிலோ எடையையும் அவர் கழுத்தின்மீதும் தோளின்மீதும் சாய்க்க விளாடிமிர் பழகினார். நடுவர் பிரித்துவிடும்போது இருவரும் மீண்டும் தொலைவில் நிற்பார்கள், அதாவது ஜாபுக்கு வசதியான தொலைவில்; சாய்ந்த எடையைச் சுமந்தவருக்கோ கால்கள் கனத்திருக்கும். பார்வையாளர்களுக்கு இது சலிப்பூட்டியது. 2008 பிப்ரவரியில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் சுல்தான் இப்ராகிமோவுடன் நடந்த பட்ட இணைப்புப் போட்டியில், வெற்றி உறுதியான பிறகும் வலக்கையை அவிழ்க்காமல் ஜாபிலேயே அவர் பொழுதைக் கழித்ததை விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். பிடித்தல் எல்லை மீறும்போது அது விதிமீறலே. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் மூன்று முறை மேடையில் சரிந்த ஒருவர், பார்வையாளரின் உற்சாகத்துக்காகப் பழைய முறைக்குத் திரும்பாமல் இருந்ததில் நியாயம் உண்டு.

உத்தி மாறினால் மட்டும் போதாது, அது அழுத்தத்தில் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் எதிராளிகளைத் தேர்ந்தெடுக்கும் கலை. தோற்ற வீரரை உடனே வலிமை மிக்கவரோடு மோதவிட்டால் இன்னொரு தோல்வியில் எல்லாம் முடிந்துபோகலாம். மிக எளியவர்களோடு மட்டும் மோதவிட்டால் வெற்றிகளின் எண்ணிக்கை கூடுமே தவிர, பழைய குறை தீர்ந்ததா என்பது யாருக்கும் தெரியாது. விளாடிமிரின் மீட்சிப் பயணம் தடுமாற்றத்தோடுதான் தொடங்கியது. 2004 அக்டோபரில் டாவரில் வில்லியம்சனுடன் மோதியபோது நான்காவது சுற்றில் மறுபடி தரையில் விழுந்தார். தலைகள் தற்செயலாக மோதியதில் ஏற்பட்ட வெட்டுக்காயத்தால் ஐந்து சுற்றுகளோடு நிறுத்தப்பட்ட அப்போட்டியில், நடுவர்கள் ஒருமனதாக இல்லாத நிலையிலேயே வெற்றி அவருக்குக் கிட்டியது.

உண்மையான சோதனை 2005 செப்டம்பர் 24 அன்று அட்லாண்டிக் சிட்டியில் வந்தது. நைஜீரியாவின் சாமுவேல் பீட்டர் அப்போது 24 போட்டிகளிலும் வென்று, அவற்றில் 21ஐ நாக் அவுட்டில் முடித்திருந்தவர். குத்தின் கனத்துக்காகவே அஞ்சப்பட்டவர். ஒழுகும் இடம் தெரிய மழை பெய்தாக வேண்டும் என்பதுபோல, விளாடிமிரின் புதிய தற்காப்பில் எங்கே ஓட்டை என்று காட்டக்கூடிய எதிராளி அவர்தான். ஐந்தாவது சுற்றில் இரண்டு முறையும் பத்தாவது சுற்றில் ஒரு முறையும் விளாடிமிர் விழுந்தார். சில குத்துகள் தலையின் பின்புறத்தில், விதிக்குப் புறம்பான இடத்தில் பட்டவை என்ற முறையீடும் உண்டு. ஆனால் பழைய விளாடிமிராக இருந்தால் எழுந்ததும் பதறிப்போய்த் திருப்பி அடித்துக் களைத்திருப்பார். இவரோ எழுந்தார், பிடித்துக்கொண்டார், மூச்சைத் திரும்பப் பெற்றார், அடுத்த சுற்றில் ஜாபிலிருந்து மறுபடி தொடங்கினார். பன்னிரண்டாவது சுற்றில் அவர் விட்ட இடக்கை ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, பீட்டரையே தள்ளாட வைத்தது.

மூன்று நடுவர்களும் 114க்கு 111 என்று விளாடிமிருக்கே வெற்றியை எழுதினார்கள். இந்த எண்களைப் பிரித்துப் பார்த்தால் அன்றைய சண்டையின் உள்ளமைப்பு விளங்கும். குத்துச்சண்டையில் ஒரு சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பொதுவாக 9 புள்ளிகள். ஒரு முறை விழுந்தால் தோற்றவருக்கு 8, இரு முறை விழுந்தால் 7 என்பது நடைமுறை. அந்த வழக்கப்படி ஐந்தாவது சுற்றில் 7, பத்தாவது சுற்றில் 8 என்று வைத்துக்கொண்டால், எஞ்சிய பத்துச் சுற்றுகளில் ஒன்பதை வென்று ஒன்றை இழந்தவருக்கே மொத்தம் 114 கிடைக்கும். எதிராளிக்கு 111 வரும். அதாவது மூன்று முறை தரையில் விழுந்த மனிதர், விழாத சுற்றுகளில் ஏறக்குறைய அனைத்தையும் தமதாக்கிக்கொண்டிருக்கிறார். அன்றிரவு நிரூபணமானது தாடையின் உறுதி இல்லை. விழுந்த பிறகும் திட்டத்தைக் கைவிடாத மனத்தின் உறுதி.

பிறகு நடந்தவை விரைவாகச் சொல்லக்கூடியவை. 2006 ஏப்ரல் 22 அன்று ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கிறிஸ் பேர்டை ஏழாவது சுற்றில் வீழ்த்தி, ஐ.பி.எஃப். என்னும் சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் பட்டத்தை வென்றார். 2007 ஜூலையில் கொலோன் நகரில் அதே புரூஸ்டர் மீண்டும் எதிரே நின்றபோது, ஆறு சுற்றுகள் ஜாபை வாங்கியதோடு புரூஸ்டரின் மூலையிலிருந்தவர்கள் போட்டியை முடித்துக்கொண்டார்கள். 2011இல் ஹாம்பர்கில் டேவிட் ஹேயிடமிருந்து டபிள்யூ.பி.ஏ. என்னும் உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் பட்டத்தையும் பெற்றபோது, ஹெவிவெயிட்டின் முதன்மையான பட்டங்கள் அனைத்தும் அண்ணன் தம்பி இருவரிடமே இருந்தன. 2012 அக்டோபரில் ஸ்டூவர்ட் காலமானார். அவர் கட்டித்தந்த முறை அவருக்குப் பின்னும் மூன்றாண்டுகள் தாங்கியது. 2015 நவம்பரில் டைசன் ஃபியூரியிடம் தோற்கும்வரை, ஒன்பது ஆண்டுகளும் ஏழு மாதங்களும், விளாடிமிர் பட்டத்தைத் தக்கவைத்திருந்தார்.

எல்லாத் தோல்விகளுக்கும் இவ்வளவு ஆழமான மறுசீரமைப்புத் தேவைப்படுவதில்லை. லெனாக்ஸ் லூயிஸின் இரண்டாவது தோல்வி அதற்குச் சான்று. 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் அருகே கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் நடந்த போட்டியில், ஹசீம் ரஹ்மான் அவரை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தினார். திரைப்படம் ஒன்றில் சிறு பாத்திரத்தில் நடித்துவிட்டுத் தாமதமாக வந்துசேர்ந்த லூயிஸ், காற்றில் பிராணவாயு அழுத்தம் குறைந்த அந்த உயரத்துக்கு உடலைப் பழக்கவில்லை. எடையும் 253½ பவுண்டாக ஏறியிருந்தது. இங்கே முறையில் குறையில்லை, தயாரிப்பில்தான் குறை. ஒப்பந்தத்தில் மறுபோட்டிக்கான விதி, அதாவது தோற்ற சாம்பியனுக்கு அதே எதிராளியுடன் மீண்டும் மோதும் உரிமையைத் தரும் விதி, சேர்க்கப்பட்டிருந்ததால், நீதிமன்றம்வரை சென்று அவ்வுரிமையை நிலைநாட்டிய லூயிஸ், அதே ஆண்டு நவம்பரில் ஏழு பவுண்டு குறைந்த உடலோடு வந்து நான்காவது சுற்றிலேயே ரஹ்மானை நாக் அவுட் செய்தார். தோல்விக்குப் பின் வழக்கறிஞரின் பணியும் பயிற்சியாளரின் பணியைப் போலவே முக்கியமாகிவிடும் தொழில் இது.

மீட்சிக்கு மிக நீண்ட பாதையில் நடந்தவர் ஜார்ஜ் ஃபோர்மன். 1973இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜோ ஃபிரேசியரை ஆறு முறை தரையில் தள்ளிச் சாம்பியனான அவர், 1974 அக்டோபர் 30 அன்று ஜயர் நாட்டின் கின்ஷாசாவில் முகம்மது அலியிடம் எட்டாவது சுற்றில் வீழ்ந்தார். கயிற்றில் சாய்ந்து கைகளால் முகத்தை மூடிக்கொண்ட அலியின்மீது கைவலுவையெல்லாம் கொட்டித் தீர்த்தபின் வெறுமையாகி நின்றதே அந்தத் தோல்வியின் கதை. 1977இல் சான் ஹுவான் நகரில் ஜிம்மி யங்கிடமும் தோற்றபின், உடைமாற்றும் அறையில் ஆழ்ந்த சமய அனுபவம் ஒன்றைப் பெற்றதாகக் கூறிக் குத்துச்சண்டையைத் துறந்து, ஹூஸ்டன் நகரில் கிறித்தவப் போதகரானார். 1984இல் அங்கே இளைஞர்களுக்கான மையம் ஒன்றையும் நிறுவினார். அந்த மையத்தை நடத்தப் பணம் தேவைப்பட்டதே, பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 38ஆம் வயதில் அவரைக் கையுறை மாட்டவைத்தது.

பயிற்சியைத் தொடங்கியபோது 300 பவுண்டுக்கு மேல் இருந்தவர், 1987 மார்ச்சில் சாக்ரமென்டோ நகரில் முதல் மறுபிரவேசப் போட்டிக்கு வந்தபோது 267 பவுண்டு எடையில், கின்ஷாசாவில் இருந்ததைவிட இருபது கிலோவுக்கும் மேல் பெருத்திருந்தார். அடுத்த நான்கு ஆண்டுகளில் தொடர்ச்சியாக 24 வெற்றிகள். எதிராளிகளில் பலர் பெயர் தெரியாதவர்கள் என்று பத்திரிகைகள் குறைகூறின; ஆனால் பத்தாண்டுகள் துருவேறிய கால்களுக்கும் கண்களுக்கும், ஆபத்துக் குறைந்த போட்டிகளில் சுற்றுகளின் எண்ணிக்கையைச் சேர்ப்பதைத் தவிர வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. இளமையில் கோபமுகம் காட்டி முதல் இரண்டு சுற்றுகளுக்குள் முடிக்கப் பார்த்தவர், இப்போது மெல்ல நடந்து, கைகளைக் குறுக்காக மடித்து முகத்தைக் காத்து, கனமான ஜாபினால் எதிராளியை நிறுத்தி வைத்தார். சுற்றுகளின் இடைவேளையில் முக்காலியில் உட்காராமல் நின்றபடியே இருப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டார். 1991இல் 28 வயதுச் சாம்பியன் இவாண்டர் ஹோலிஃபீல்டிடம் அவர் தோற்றபோதும், 42 வயதில் பன்னிரண்டு சுற்றுகளையும் நின்று முடித்தார். கின்ஷாசாவில் எட்டாவது சுற்றில் தீர்ந்துபோன மூச்சு, பதினேழு ஆண்டுகள் கழித்து முழுத் தொலைவும் தாங்கியது.

1994 நவம்பர் 5 அன்று லாஸ் வேகாசில் 26 வயதுச் சாம்பியன் மைக்கேல் மூரரை அவர் எதிர்கொண்டார். வயதைக் காரணம் காட்டி டபிள்யூ.பி.ஏ. முதலில் அனுமதி மறுத்திருந்தது; ஃபோர்மன் நீதிமன்றத்தில் வாதாடித்தான் அந்த மேடைக்கு வந்தார். கின்ஷாசாவில் அணிந்திருந்த சிவப்புக் கால்சட்டையையே அணிந்திருந்தார்; அன்று அலியின் மூலையில் நின்ற ஏஞ்சலோ டண்டீ இப்போது இவர் மூலையில் நின்றார். ஒன்பது சுற்றுகள்வரை மூன்று நடுவர்களின் கணக்கிலும் மூரரே முன்னிலை. பத்தாவது சுற்றில் ஓர் இடக்கை, உடனே குறுகிய தொலைவிலிருந்து முகவாய்க்கு ஒரு நேர் வலக்கை. மூரர் மல்லாந்து விழுந்தார். 45ஆம் வயதில், பட்டத்தை இழந்து இருபது ஆண்டுகளும் ஆறு நாட்களும் கழித்து, ஃபோர்மன் மீண்டும் உலகச் சாம்பியன். ஒன்பது சுற்றுகள் பொறுமையாக அடிவாங்கியது அந்த ஒரு குத்துக்கான தொலைவை அமைப்பதற்காகவே என்று பார்க்கும்போதுதான், அது அதிர்ஷ்டக் குத்து என்ற கூற்று எவ்வளவு பிழையானது என்பது புலப்படும்.

இந்த வெற்றிக் கதைகளின் நிழலில், திரும்பி வந்திருக்கவே கூடாதவர்களின் வாழ்க்கை மறைந்துபோவது வருத்தத்துக்குரியது. முகம்மது அலியே 1980 அக்டோபரில், 38ஆம் வயதில், லாரி ஹோம்ஸை எதிர்த்து மறுபிரவேசம் செய்தார். எடை குறைந்து, பார்வைக்குக் கட்டுடலாகத் தோன்றினார். ஆனால் அந்த உடலுக்குள் சக்தி இல்லை. பத்துச் சுற்றுகள் ஏறக்குறையப் பதிலடியே இல்லாமல் வாங்கியபின் டண்டீ போட்டியை நிறுத்தினார். 1984இல் அவருக்கு பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பதாக மருத்துவர்கள் அறிவித்தனர். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மக்களின் அன்பைப் பெற்ற ஜெர்ரி குவாரி, மூளைத் தேய்வின் அடையாளங்கள் தென்பட்ட பிறகும், 1992இல் 47 வயதில், குத்துச்சண்டையை மேற்பார்வையிடும் ஆணையம் இல்லாத கொலராடோ மாநிலத்தில் மேடையேறி ஆறு சுற்றுகள் அடிவாங்கினார். ஏழாண்டுகளுக்குள், 53ஆம் வயதில், நினைவும் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் திறனும் இழந்த நிலையில் இறந்தார். திரும்பத் திரும்பத் தலையில் படும் அடிகள் மூளையைச் சிதைப்பதை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928இலேயே மருத்துவ இதழில் எழுதியிருந்தார். எனவே மீட்சித் திட்டத்தின் முதல் படி பயிற்சிக் கூடத்தில் இல்லை. நரம்பியல் மருத்துவரின் அறையில் இருக்கிறது. மூளைப் படமும், பார்வை, பேச்சு, நினைவாற்றல் சோதனைகளும் தெளிவான விடை தராதவரை, எந்தப் பயிற்சியாளரின் திறமையையும் அதன்மேல் கட்டக் கூடாது. பயிற்சிச் சண்டைகளிலும் இதே கவனம் தேவை, ஏனெனில் வீரரின் தலை வாங்கும் அடிகளில் பெரும்பங்கு பார்வையாளர் இல்லாத அந்தக் கூடத்திலேயே விழுகிறது.

விளாடிமிர் கிளிட்ச்கோ கடைசியாக மேடையேறியது 2017 ஏப்ரல் 29 அன்று, வெம்ப்ளி அரங்கில் ஏறத்தாழ 90,000 பேர் முன்னிலையில். 41 வயதில், தம்மைவிடப் பதினான்கு வயது இளைய ஆன்டனி ஜோஷுவாவை எதிர்த்த அவர், ஐந்தாவது சுற்றில் விழுந்து எழுந்து, ஆறாவது சுற்றில் ஜோஷுவாவைத் தரையில் தள்ளி, பதினோராவது சுற்றில் இரு முறை விழுந்தபின் நடுவரால் நிறுத்தப்பட்டார். தோற்றபோதும் அவரைப் பழைய விமர்சகர்கள் பாராட்டிய போட்டி அது. ஒப்பந்தத்தில் மறுபோட்டிக்கான உரிமை இருந்தது. நவம்பரில் லாஸ் வேகாசில் நடத்தும் ஏற்பாடுகளும் பேசப்பட்டுக்கொண்டிருந்தன. ஆகஸ்ட் 3 அன்று, அந்த உரிமையைப் பயன்படுத்தாமலே, அவர் ஓய்வை அறிவித்தார்.